மருந்தும் மனிதரும்: ஓர் உளநோய் மருந்தின் வரலாறு

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுகூடத்தில் ஓர் அறிஞர் இரவு பகலாக உழைத்தார். ஒரு நாள் மருந்து கிடைத்தது. நோய் ஒழிந்தது என்பதே நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் கதை. அம்மருந்தை உட்கொண்டவர் பின்னர் என்ன ஆனார், அவரைக் கண்காணித்தவர் யார், அதற்கான செலவை ஏற்றவர் யார் என்னும் வினாக்கள் அக்கதையில் எழுவதில்லை. உளநோய் மருந்துகளைப் பொறுத்தவரை இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டு வரலாறு எழுதுதல் இயலாது.

இம்மருந்துகள் பற்றி நமது சமூகத்தில் இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. இவை மூளையை மழுக்கும் நஞ்சுகள், ஒருமுறை தொடங்கினால் மனிதன் மரக்கட்டையாகி விடுவான் என்பது ஒன்று. மாத்திரையைக் கொடுத்துவிட்டால் நமது கடமை தீர்ந்தது, இனி வீட்டில் சத்தமிருக்காது என்பது மற்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், நோயாளரை ஒரு முழு மனிதராக எண்ணாத ஒரே மனப்பாங்கிலிருந்தே இரண்டும் பிறக்கின்றன. குளோசப்பின் என்னும் ஒரு மருந்தின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். எட்டுப்பேரின் உயிரைக் கவர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சந்தையினின்றும் அகற்றப்பட்ட அம்மருந்து, பிறிதொரு காலத்தில் உயிர்காக்கும் மருந்தாகத் திரும்பி வந்தது. இடையில் மாறியது மாத்திரையன்று. மாத்திரையைச் சூழ்ந்த மனிதரின் ஏற்பாடே மாறியது. அம்மாற்றமே நமக்குரிய பாடமாகும்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பாதியிலே, சிசோபிரேனியா எனப்படும் உளச்சிதைவு நோய்க்கு ஆளானோரின் நிலை சொல்லுந்தரமன்று. இல்லாத குரல்கள் காதில் விழுதல், பிறர் தம்மைத் தொடர்ந்து வேவு பார்க்கின்றனர் என்று உறுதியாக நம்புதல், சிந்தனை கோர்வையிழத்தல், வாழ்வில் நாட்டமற்று ஒடுங்குதல் ஆகியவை இந்நோயின் குறிகள். இதற்குச் சிகிச்சையென்று இருந்தவை எவை? 1933இல் சக்கேல் என்பவர் இன்சுலின் ஊசியால் நோயாளரை நினைவிழக்கச் செய்யும் முறையை வெளியிட்டார். 1935இல் போர்த்துக்கேயரான எகாஸ் மொனிஸ் மூளையின் முன்பகுதியின் நரம்பிழைகளை வெட்டும் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். அதற்காக 1949இல் அவருக்கு நோபெல் பரிசும் வழங்கப்பட்டது. 1938இல் இத்தாலியில் மின்னதிர்ச்சி முறை வந்தது. இவை எவையும் எட்டாத பெருந்தொகையினருக்குப் பூட்டிய கதவே சிகிச்சை. 1955ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அரச மனநோய் மருத்துவமனைகளில் மட்டும் ஏறத்தாழ 5,59,000 பேர் அடைபட்டிருந்தனர். நமது நாட்டிலும் 1926இல் அங்கொடையில் மனநோய் மருத்துவமனை அமைந்தது. அவ்வூரின் பெயரே பிள்ளைகளின் வாயில் வசைச்சொல்லாயிற்று என்பதை நாம் அறிவோம்.

இந்நிலையில் வந்த முதல் மருந்து குளோர்புரோமசீன். பிரான்சின் ரோன்-பூலாங்க் கம்பனியில் போல் ஷார்பாந்தியே என்ற இரசாயனவியலார் 1950 டிசெம்பரில் இதனை ஆக்கினார். உளநோய் அவர் கருத்தில் இருக்கவில்லை. கடற்படைச் சத்திர வைத்தியரான ஆன்றி லபோறி, சத்திரசிகிச்சையின்போது உடல் அதிர்ச்சியுறுவதைத் தடுக்கும் மருந்தொன்றைத் தேடினார். இம்மருந்து பெற்றோர் நினைவிழக்காமலே அமைதியுற்று, நடப்பனவற்றைப் பொருட்படுத்தாதிருத்தலை அவர் கண்டார். உளநோய்க்கு இது பயன்படலாமென்ற எண்ணம் அவ்வாறு பிறந்தது. 1952இல் பாரிசின் சாந்த் ஆன் மருத்துவமனையில் ஜான் டெலே, பியர் டெனிக்கர் ஆகிய இருவரும் இதனை முறையாகப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டனர். ஆண்டுக்கணக்காகக் கூச்சலிட்டவர் பேசத் தொடங்கினர். கட்டிவைக்கப்பட்டோரின் கட்டுக்கள் அவிழ்க்கப்பட்டன. 1954இல் அமெரிக்காவிலும் இம்மருந்து அனுமதி பெற்றது.

இந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆயினும் அதன் விலையையும் நோயாளரே கொடுத்தனர். மருந்து தொடங்கிய இரண்டொரு ஆண்டுகளுக்குள்ளேயே, அதனை உட்கொண்டோரிற் பலரிடம் பார்க்கின்சன் நோயின் சாயல் தோன்றியது. கைகள் நடுங்கின, முகம் உணர்ச்சியற்று இறுகியது, நடை தளர்ந்து சிறு அடிகளாயிற்று. சிலருக்குக் கால்கள் ஓரிடத்தில் தரியா. இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தனர். நெடுங்காலம் உட்கொண்ட சிலருக்கு நாவும் உதடும் தாமாகவே அசையத் தொடங்கின. மருந்தை நிறுத்திய பின்னரும் அவ்வசைவு மாறாதிருந்தமை 1950களின் பிற்பகுதியிலேயே பதிவாயிற்று.

இங்கு ஒரு விந்தை நிகழ்ந்தது. நடுக்கமும் நற்பயனும் ஒருங்கே தோன்றியமையால், நடுக்கமின்றி நற்பயன் இல்லை என்ற கொள்கை வைத்தியரிடையே வேரூன்றியது. ஜேர்மனியில் ஹாசே என்ற வைத்தியர் நோயாளரைக் கொண்டு எழுதுவித்துப் பார்த்தார். எழுத்துச் சுருங்கி நுண்ணிய மாற்றம் காணும் அளவே மருந்து வேலைசெய்யும் அளவு என்று கொண்டார். அதற்கு மேல் கொடுத்தல் வேண்டாமென்பதும் அவர் கருத்தாயினும், எல்லா வைத்தியரும் அந்த வரையறையிற் பேணுதலாக இருந்தனரல்லர். மாணவரின் கையெழுத்தைத் திருத்துவதே தொழிலாகக் கொண்ட நாம், எழுத்துக் குலைவதையே நலத்தின் அறிகுறியாகக் கொண்ட அக்காலத்தைச் சற்றே நின்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். நோயாளர் தம் உடலைப் பற்றிச் சொன்ன முறைப்பாடு, மருந்தின் வெற்றிக்குச் சான்றாகக் கணக்கிடப்பட்டது!

அமைதி என்பது எவருடைய அமைதி? நோயாளருடையதா, விடுதியைக் காப்போருடையதா? இவ்வினாவை ஒதுக்கிய இடங்களிலெல்லாம் இம்மருந்துகள் கைவிலங்காகவும் பயன்பட்டன. ஆள் பற்றாக்குறையான பெரும் விடுதிகளில், தாதியரின் வேலையை மருந்தே பார்த்தது. முதலாளித்துவ நாடுகளில் மட்டும் இது நிகழ்ந்ததென்று நாம் சொல்லிவிடுதல் நேர்மையாகாது. சோவியத் யூனியனில் லியோனித் பிளியுஷ் என்ற உக்ரேனியக் கணிதவியலார், அரசியற் கருத்துக்களுக்காக மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, ஹலோபெரிடோல் என்னும் இவ்வகை மருந்து ஏற்றப்பட்டார். அவர் விடுதலைக்காகப் பாரிசிற் குரலெழுப்பியோரில் இடதுசாரிகள் பலர் இருந்தனர். பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஏடாகிய லுமானிதேயும் 1975இல் அவரை விடுவிக்குமாறு கோரியது. 1976 தொடக்கத்தில் அவர் விடுதலை பெற்றார். மருந்து யாருடைய கையில், யாருடைய நன்மைக்காக என்ற வினா எந்தச் சமூக அமைப்பிலும் கேட்கப்படவேண்டியதே.

இனி நமது மருந்துக்கு வருவோம். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்த வாண்டர் என்னும் கம்பனியின் இரசாயனவியலார், 1958இல் ஒரு பொருளை ஆக்கினர். பின்னர் அது குளோசப்பின் என்று பெயர்பெற்றது. விலங்குகளில் சோதித்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. குளோர்புரோமசீன் போன்றவை பெற்ற எலிகள் வைத்த நிலையிலேயே அசையாது இறுகி நிற்கும்; குளோசப்பின் பெற்றவை அவ்வாறு நிற்கவில்லை. அக்காலக் கொள்கைப்படி இஃது ஒரு குறையே. இறுகச் செய்யாத பொருள் எவ்வாறு உளநோய் மருந்தாக முடியும்? கம்பனி தயங்கியது. ஆயினும் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளின் வைத்தியர் சிலர் நோயாளரிடம் இதனைப் பயன்படுத்திப் பார்த்து, நடுக்கமின்றியே குரல்கள் அடங்கக் கண்டனர். 1967இல் வாண்டர் கம்பனி சான்டோஸ் என்ற பெருங்கம்பனியுடன் இணைந்தது. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் சில நாடுகளில் லெப்போனெக்ஸ் என்ற வணிகப் பெயருடன் குளோசப்பின் விற்பனைக்கு வந்தது.

இதன் செயல் வேறுபடுவதேன் என்பதையும் சுருங்கச் சொல்லுதல் தகும். மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று இரசாயனப் பொருள்கள் வாயிலாகச் செய்தி பரிமாறுகின்றன. அவற்றுளொன்று டோப்பமீன். பழைய மருந்துகள் டோப்பமீனை ஏற்கும் வாயில்களை அடைத்துவிடுகின்றன என்ற விளக்கத்துக்கு, சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1963இல் வழிகாட்டினார். அவ்வாயில்கள் இறுக அடைபடும்போது குரல்கள் அடங்குகின்றன. ஆனால் உடலின் அசைவை ஒழுங்குசெய்யும் பகுதியிலும் அதே அடைப்பு நேர்வதால் நடுக்கம் உண்டாகின்றது. குளோசப்பின் அவ்வாயில்களைத் தளர்வாகவே பற்றுகின்றது; செரட்டோனின் முதலிய வேறு பல பொருள்களின் வாயில்களிலும் சென்று பொருந்துகின்றது. எனவே நடுக்கம் அரிது. பல இடங்களிற் பொருந்துவதனாலேயே அதன் ஏனைய விளைவுகளும் பலவாகின்றன.

1975 பெப்ரவரியில் குளோசப்பின் பின்லாந்துக்கு வந்தது. சில மாதங்களுக்குள் அங்கிருந்து துயரச் செய்தி வெளியாயிற்று. மருந்து பெற்றோரிற் சிலருக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் கண்டன. சாதாரண நோயென்று எண்ணப்பட்ட அவை சில நாட்களிற் கடுந்தொற்றாக முற்றின. எண்மர் இறந்தனர். குருதியைச் சோதித்தபோது, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களுள் முதன்மையான நியூத்திரோபில் என்ற வகை ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. காவலரற்ற கோட்டையிற் பகைவர் நுழைவதுபோல, எளிய கிருமியும் அவ்வுடலை வீழ்த்திவிடும். இந்நிலையை அக்ரனுலோசைற்றோசிஸ் என்பர். மருந்து ஏன் சிலருக்கு மட்டும் இதனை விளைவிக்கின்றது என்பது இன்றும் முழுமையாகத் துலங்கவில்லை.

அவ்வாண்டே பின்லாந்தின் அறிஞர்கள் லான்செற் என்ற ஆங்கில மருத்துவ ஏட்டில் இதனை உலகுக்கு அறிவித்தனர். பல நாடுகளில் மருந்து நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் நடைபெற்றுவந்த ஆய்வுகளும் கைவிடப்பட்டன. ஆனால் அதனால் நலம்பெற்று வாழ்ந்திருந்தோரின் கதி யாது? மருந்து நின்றதும் பலர் முன்னைய இருளுக்கே திரும்பினர். வேறெந்த மருந்துக்கும் இணங்காத நோயாளருக்கேனும் இதனைத் தரவேண்டுமென வைத்தியர் சிலர் வாதாடினர். ஒழுங்காகக் குருதியைச் சோதித்து, கலங்கள் குறையத் தொடங்கியவுடன் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மச்சை மீண்டும் கலங்களை ஆக்குகின்றது என்பது தெரியவந்தது. ஆகவே சில நாடுகளிற் குருதிச் சோதனை என்ற நிபந்தனையுடன் மருந்து தொடர்ந்தது. மரணத்துக்கும் வாழ்வுக்கும் இடையில் நின்றது வாரந்தோறும் எடுக்கும் ஒரு சில துளிக் குருதியே.

1988இல் ஜோன் கேன் என்ற அமெரிக்க வைத்தியரும் அவர் குழுவினரும் ஒரு முக்கிய ஆய்வை வெளியிட்டனர். பல மருந்துகளாலும் பயன்பெறாத 268 நோயாளரை அவர்கள் தெரிந்தெடுத்து, ஒரு சாராருக்குக் குளோசப்பினும் மறு சாராருக்குக் குளோர்புரோமசீனும் ஆறு வாரங்கள் கொடுத்தனர். யார் எதைப் பெற்றார் என்பது நோயாளருக்கும் தெரியாது, மதிப்பிட்டோருக்கும் தெரியாது. குளோர்புரோமசீன் பெற்றோரில் நூற்றுக்கு 4 பேர் முன்னேற்றங் காண, குளோசப்பின் பெற்றோரில் நூற்றுக்கு 30 பேர் முன்னேறினர். நம்பிக்கை அற்றோர் என்று கைவிடப்பட்டவருள் மூவருக்கு ஒருவர் என்ற அளவில் வழி திறந்தது. 1989இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் குளோசப்பினுக்கு அனுமதி வழங்கியது.

இங்குதான் குருதியும் பணமும் சந்திக்கின்றன. வாராந்தச் சோதனை கட்டாயமென்றதும், சான்டோஸ் கம்பனி அதனையும் வாணிபமாக்கியது. தான் ஒப்பந்தஞ் செய்துகொண்ட தனியார் நிறுவனமே குருதியை எடுக்கவேண்டும். மருந்தையும் சோதனையையும் சேர்த்தே வாங்கவேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 டொலர் என்று விலை வைத்தது. ஐரோப்பாவில் இதனினும் மிகக் குறைந்த விலைக்கு அதே மாத்திரை கிடைத்தது. உளச்சிதைவு நோயாளரிற் பெரும்பாலோர் வேலையிழந்தோர். அரச உதவியை நம்பி வாழ்வோர். மாநில அரசுகள் பல அச்செலவை ஏற்கத் தயங்கின. மருத்துவமனைகளில் குருதி எடுக்கும் தாதியரும் ஆய்வுகூடங்களும் ஏற்கெனவே இருக்க, எதற்காகத் தனியொரு நிறுவனம் என்ற கேள்வி எழுந்தது. நோயாளரின் குடும்பத்தார் குரலெழுப்பினர். மாநிலங்களின் சட்ட அதிகாரிகள் வழக்குத் தொடுத்தனர். கம்பனி இறுதியிற் பின்வாங்கி, மருந்தையும் சோதனையையும் பிரித்து விற்க இணங்கியது. பாதுகாப்பு என்ற நற்சொல்லும் இலாபவேட்டையின் கையிற் கருவியாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும், கம்பனி பேராசை கொண்டதனால் சோதனையே வேண்டாததென்று முடிவுகட்டுவது தவறாகும். 1993இல் வெளியான கணக்கு இதனைக் காட்டுகின்றது. அமெரிக்காவில் குளோசப்பின் பெற்ற 11,555 பேரை ஆராய்ந்தபோது, 73 பேருக்கே அக்ரனுலோசைற்றோசிஸ் கண்டது. அவர்களுள் இருவர் மட்டுமே இறந்தனர். பெரும்பாலானோருக்கு அது முதல் மூன்று மாதங்களுக்குள் வந்தது. பின்லாந்தில் எவரும் எதிர்பாராமையால் எண்மர் மாண்டனர். இங்கே எதிர்பார்த்துக் காத்திருந்தமையால் 71 பேர் பிழைத்தனர். மாத்திரை இரண்டிடத்தும் ஒன்றே.

அளவுகோலைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் நியூத்திரோபில்கள் 1,500க்குக் குறைந்தால் மருந்தைத் தொடங்கலாகாது என்பது பொதுவான அமெரிக்க விதி. ஆபிரிக்க வழியினர் பலருக்கும் மத்திய கிழக்கு மக்கள் சிலருக்கும் இயற்கையாகவே இவ்வெண் குறைவு. அதனால் அவர்கள் நோயுறுவதுமில்லை. வெள்ளையரின் உடலை மனித உடலின் அளவாகக் கொண்ட விதி, கறுப்பின நோயாளர் பலருக்கு இம்மருந்தை மறுத்தது. 2015இல்தான் அவ்விதி அவர்களுக்கெனத் தளர்த்தப்பட்டது. 2025இல் அமெரிக்க நிர்வாகம், சோதனை முடிவைப் பதிவுசெய்தாலன்றி மருந்து தரலாகாது என்ற கட்டாயத் திட்டத்தையே நீக்கியது. அத்திட்டத்தின் இடர்ப்பாட்டாற் பலர் மருந்தையே பெறமுடியாது போனமை அதற்குக் காரணம். குருதிச் சோதனையைக் கைவிடுமாறு அந்நிர்வாகம் கூறவில்லை. சோதனை தொடரவேண்டுமென்றே பரிந்துரைக்கின்றது. முதல் மாதங்களில் வாரந்தோறும், பின்னர் இரு வாரங்களுக்கொருமுறை, ஓராண்டின் பின் மாதந்தோறும் என்பதே நாடுகள் பலவற்றில் நிலவும் ஒழுங்கு.

2009இல் இவ்வரலாறு மீண்டும் பின்லாந்துக்கே திரும்பியது. 1996 முதல் 2006 வரை உளச்சிதைவு நோயுற்றிருந்த 66,881 பின்லாந்தினரின் பதிவேடுகளை ஆராய்ந்தோர், ஒப்பிட்ட மருந்துகளுள் குளோசப்பின் உட்கொண்டோரின் இறப்புவீதமே மிகக் குறைந்தது எனக் கண்டனர். தற்கொலையை இது குறைக்கின்றது என்பது 2003இல் வெளியான வேறோர் ஆய்வின் முடிவு. எண்மர் இறந்த நாட்டிலிருந்தே இச்சான்று வந்தமை கவனிக்கற்பாலது.

ஆனால் வெண்கலங்களையே எண்ணிக்கொண்டிருந்த மருத்துவ உலகம், வேறு ஆபத்துக்களை நெடுங்காலம் போதிய அளவு நோக்கவில்லை. அவற்றுள் முதன்மையானது மலச்சிக்கல். சொல்லக் கூசும் சிறுவிடயம் என்று நோயாளரும் மறைப்பர், கேட்பாருமில்லை. குளோசப்பின் குடலின் அசைவை மந்தமாக்குகின்றது. கவனியாதுவிடின் குடல் அடைபட்டு உயிருக்கே உலைவைக்கும். 2020இல் அமெரிக்க நிர்வாகம் இதுபற்றி வலிய எச்சரிக்கை விடுத்தது. இரண்டாவது, இதயத்தசை அழற்சி. 1999இல் அவுஸ்திரேலிய வைத்தியர் இதனை வெளிப்படுத்தினர். முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் வருவது. காய்ச்சல், நெஞ்சுநோவு, மூச்சுத்திணறல், ஓய்விலும் விரைந்தோடும் நாடி என்பன இதன் குறிகள். அளவு கூடும்போது வலிப்பு வரலாம். உடல் பருக்கும், நீரிழிவு தோன்றலாம். இரவில் வாயூறித் தலையணை நனையும். உறக்கம் மிகும், எழுந்து நிற்கையில் தலைசுற்றும்.

இவற்றை அறிந்த வைத்தியர் மருந்தை எவ்வாறு கொடுக்கின்றனர்? 12.5 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் தொடங்கி, நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் படிப்படியே உயர்த்துகின்றனர். குருதியமுக்கம் திடீரென வீழ்வதையும் வலிப்பையும் தவிர்க்கவே இப்பொறுமை. இதனால் மற்றொரு விதி பிறக்கின்றது. இரண்டு நாட்களுக்கு மேல் மருந்து தவறிவிட்டால், பழைய அளவை மீண்டும் விழுங்கிவிடலாகாது. உடல் அதனை மறந்துவிட்டிருக்கும். சிகிச்சை நிலையத்துக்குச் சென்று, சிறிய அளவிலிருந்தே மீளத் தொடங்கவேண்டும். நலமாகிவிட்டது என்று எண்ணித் தாமாகத் திடீரென நிறுத்துதலும் ஆபத்தே. நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். நிறுத்தவேண்டுமாயின் அதனை வைத்தியரின் கண்காணிப்பில் மெல்லச் செய்தல் வேண்டும். குருதிக் கலங்கள் குறைந்துவிட்ட வேளையில் மட்டும் வைத்தியரே உடனடியாக நிறுத்துவர்.

புகைத்தலைப் பற்றி அறிந்தோர் சிலரே. புகையிலை எரியும்போது எழும் பொருள்கள், குளோசப்பினைச் சிதைக்கும் ஈரலின் நொதியத்தைத் தூண்டுகின்றன. எனவே புகைப்போரின் குருதியில் மருந்தின் செறிவு குறைவாகவும், புகைப்பதை அவர் திடீரென விடும்போது அதே மாத்திரையால் அச்செறிவு மிகுந்து நச்சளவை எட்டக்கூடியதாகவும் இருக்கும். நோயாளர் சிகரெட்டை விடுதல் நன்றே. ஆனால் விடுமுன் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். கடுங்காய்ச்சலின்போதும் இச்செறிவு கூடும். தேநீரும் கோப்பியும் வழக்கத்துக்கு மாறாகக் கூடினாலும் குறைந்தாலும் அதனையும் சொல்லுதல் நலம்.

இவ்வளவையும் நினைவிற்கொள்ள வைத்தியர் ஒருவரால் முடியுமா? மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் காணும் வைத்தியருக்கு, தொண்டை நோவு எப்போது தொடங்கியதென்பதும், மலங்கழித்து எத்தனை நாளாயிற்று என்பதும் எவ்வாறு தெரியும்? அவற்றை அறிந்தவர் நோயாளரும் அவர் வீட்டாருமே. ஆகவே அவர்களுக்கு அறிவு கொடுத்தல் மருந்து கொடுத்தலின் ஒரு கூறேயன்றி, அதன்மேற் காட்டும் கருணையன்று.

எம்மிடம் ஒருகாலத்திற் படித்த இளைஞர் ஒருவர் இம்மருந்தை உட்கொள்பவர். மேசன் வேலைக்குக் கையாளாகச் செல்கின்றார். மாதம் ஒருநாள் குருதி கொடுக்க நகரத்துக்கு பஸ் ஏறவேண்டும்; அன்றைய கூலி இல்லை. எங்கே போகின்றாய் என்று மேசன் கேட்டால் "பிரஷருக்கு மருந்தெடுக்க" என்பார். ஒருமுறை காய்ச்சல் கண்டபோது, மூன்று நாட்களாகக் கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்குச் சென்றிருக்கின்றார். கேட்டபோது, "சொன்னால் எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சேர்" என்றார். நல்லவேளையாக அது சாதாரணக் காய்ச்சலே. பின்லாந்தின் வரலாறும் 11,555 பேரின் கணக்கும் அவரைச் சென்றடையவில்லை. சென்றடைந்திருந்தாலும், உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சத்தின்முன் அவ்வறிவு எவ்வளவு தூரம் நின்றிருக்கும்?

நமது நாட்டில் அரச மருத்துவமனைகளின் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது மக்கள் போராடிப் பெற்ற உரிமையாகும். மருந்து என்பது வணிகப் பெயர்களின் சந்தைச் சரக்கன்று என்று வாதிட்ட பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அளித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அவ்வாறு பொதுச்சொத்தாகக் காக்கப்பட்ட மருத்துவத்தில், மாத்திரையோடு அதன் குருதிச் சோதனையும் அறிவும் பயணச்செலவும் அடங்கவேண்டும். மாத்திரை இலவசம், ஆனால் அதனைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் வழி ஒருநாட் கூலி என்றால், அவ்வுரிமை பாதியே.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது சிறிதன்று. உயிரியல் வகுப்பில் வெண்குருதிக் கலங்களைக் கற்பிக்கும்போது, அவை ஒரு மனிதரை எவ்வாறு காத்தன என்பதையும் சொல்லலாம். "விசர்" என்ற சொல் வகுப்பறையில் வசையாக எழும்போது, வாய்மூடி இராது அதனைக் கண்டிக்கலாம். மருந்துண்ணும் ஒருவரை அறிவோமாயின், காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ கண்ட அன்றே குருதியைச் சோதிக்கவேண்டும் என்ற ஒரு செய்தியையேனும் அவர் வீட்டாரிடம் சேர்க்கலாம். சோதனை நாளன்று அவருடன் துணைக்குச் செல்லலாம்.

நடுக்கமே நலம் என்று நம்பிய காலமும், எதிர்பாராது எண்மர் மாண்ட காலமும், குருதித் துளிக்கும் விலைகேட்ட காலமும் கடந்துவந்த மருந்து இது. ஒவ்வொரு காலத்திலும் நிலைமையை மாற்றியது, நோயாளரின் முறைப்பாட்டைச் செவிமடுக்க யாரோ சிலர் முன்வந்தமையே. கூலியிழக்காமலும் பொய்சொல்லாமலும் அவ்விளைஞர் அடுத்த மாதம் பஸ் ஏறுவாரா என்பது மருந்தின் கையில் இல்லை; நமது கையிலேயே உள்ளது.